வாசலில் வத்சலா, சிங்க்கில் நான்

நான் சபதம் செய்தது ஒரு வெள்ளிக்கிழமை. ராகுகாலமா எமகண்டமா என்று பார்க்காமல் செய்துவிட்டேன். அதன் பலனை இன்றுவரை ஈரக்கையோடு அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன் டி.வி.யில் 'வாசலில் வத்சலா' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டரையிலிருந்து ஒன்பது. வத்சலா ஒரு பேய். ஜன்னல் வழியாகவும் கண்ணாடி வழியாகவும் நுழைகிற அநாகரிகமான பேய் இல்லை. மரியாதை தெரிந்த பேய். வீட்டு மனுஷர் யாராவது தன் வாயால் "உள்ளே வா" என்று கூப்பிட்டால்தான் வாசற்படியைத் தாண்டுவாள். அதுவரை வாசலிலேயே நிற்பாள். உள்ளே பதினோரு பேர் கொண்ட கூட்டுக் குடும்பம். தினம் ஒருத்தர் தெரியாத்தனமாகக் கூப்பிடப் போவார். "உள்ளே..." என்று வாயைத் திறந்ததும் 'தொடரும்' போட்டுவிடுவார்கள்.

என் மனைவி விசாலாக்ஷி முதல் நாளே அதில் விழுந்துவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். பஞ்சாபகேசன் என்று பெயர் வைத்துக்கொண்டு, மும்பை ஃபோர்ட்டில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சீனியர் கிளார்க்காகவும் இருப்பவனுக்குச் சும்மா இருப்பது கஷ்டம்.

"படிச்சவா பார்க்கறதா இது? ஒரு நிமிஷம்கூட நான் பார்க்க மாட்டேன்!" என்றேன்.

"பார்த்தா?" என்றாள் விசாலம்.

"பார்த்தேன்னு என் வாயால ஒத்துண்டா, ஆயுசுக்கும் இந்தாத்து ராத்திரிப் பாத்திரம் என்னோடது!"

"சரி. பார்க்காத அந்த அரைமணி என்ன பண்ணுவேள்?"

"சும்மா இருப்பேன்."

"சும்மா இருக்கற நேரத்துல பாத்திரத்தைத் தேய்க்கலாமோன்னோ? தொடர் முடியற வரைக்கும்தானே. பகல் பாத்திரத்துக்கு வேலைக்கார மாவ்ஷி வரா. ராத்திரிப் பாத்திரத்தை அவ தொடமாட்டேங்கறா."

இதெல்லாம் மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வீராவேசத்தில் இரண்டு நிபந்தனைகளையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பார்த்தாலும் பாத்திரம், பார்க்காவிட்டாலும் பாத்திரம் என்பது ஒட்டி முடித்து இரண்டடி பின்னால் வந்து அழகு பார்த்தபோதுதான் உறைத்தது.

தமிழில் எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். விசாலம் மாதுங்காவிலேயே பிறந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு இடம் கிடைக்காது. எழுத்தைக் காட்டினால் மட்டும், "ஜாங்கிரி பிழிஞ்சு வெச்ச மாதிரி இருக்கு" என்பாள். பெண் ஷ்ருதி, பி.காம் இரண்டாம் வருஷம், அவளுக்கும் அதே ஜாங்கிரிதான். ஆகையால் வீட்டில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் எழுத்ததிகாரம்தான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்டம் போட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

முதல் இரண்டு வாரம் கண்ணியமாகப் பாத்திரம் தேய்த்தேன். சமையலறையில் நின்றால் ஹாலில் ஓடுகிற தொடர் காதில் விழும். காதைத் தேய்த்து மூடவா முடியும்? மூன்றாவது வாரம், வத்சலா வாசலில் நின்று மெல்லிய குரலில், "யாராவது இருக்கேளா?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. கையில் தோசைக்கல்லோடு நான், "இருக்கேனம்மா" என்றேன். நல்ல வேளை, குழாய்ச் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை.

மறுநாளே ஃபோனில் அந்த எபிசோடைத் தேடிப் பிடித்தேன். ஆபீஸ் விட்டு வரும்போது, சி.எஸ்.டி.யில் ரயில் ஏறியதும் காதில் இயர்ஃபோன். எதிர் சீட்டுக்காரர் விசாரித்தால், "சகஸ்ரநாமம்" என்பேன். சகஸ்ரநாமம் கேட்கிற ஆள் நடுவில் "ஐயோ, கதவைத் திறக்காதே!" என்று ஏன் அலறுகிறான் என்று அவர் கேட்டதில்லை. மும்பைக்காரர் நாகரிகம் தெரிந்தவர்.

ஒரு எபிசோட் எவ்வளவு நல்ல எபிசோட் என்பதற்கு என்னிடம் ஒரு அளவு இருந்தது. சுமாரான கதை என்றால் மாதுங்காவில் சரியாக இறங்கிவிடுவேன். கொஞ்சம் நன்றாக இருந்தால் அடுத்த ஸ்டேஷன் சயான். ரொம்ப நன்றாக இருந்தால் குர்லா. கோலத்தில் ஒரு புள்ளி தானாக நகர்ந்த அன்று காட்கோபரில் போய் இறங்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடில், காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவனை வீட்டு மாமி அடுக்களையிலிருந்தபடியே "உள்ளே வாப்பா" என்று கூப்பிட, அவன் தோளுக்குப் பின்னால் வத்சலாவும் படியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டாளே, அன்று நிமிர்ந்து பார்த்தால் பாண்டுப்!

"ஏன்னா இவ்வளவு லேட்?" என்றாள் விசாலம்.

"ட்ராக்ல தண்ணி."

"மே மாசத்துலயா?"

"பைப் உடைஞ்சுடுத்து."

"ட்ராக்குக்குப் பைப் எங்கேருந்து வந்தது?"

"அதைத்தான் எல்லாரும் கேட்டுண்டிருக்கா. நீ போய் டி.வி. பாரு, மணி எட்டரையாகப் போறது."

இப்படி அறுநூறு எபிசோட் ஓடின. அதில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஒரு ராத்திரி முழுக்கச் சொல்வேன். ஆனால் யார் கேட்கிறார்கள்? பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாத ரசிகனாக இருப்பது சாமானியப்பட்ட துக்கம் இல்லை. வத்சலா உள்ளே போக முடியாமல் வெளியே நின்றாள். நான் ஹாலுக்குள் போக முடியாமல் சிங்க்கில் நின்றேன். அவள் மேல் எனக்கு ஏற்பட்டது பாசம்தான். வேறென்ன சொல்வது?

அப்புறம் ஒரு நாள் சேனலில் அறிவித்தார்கள். இன்னும் ஒரு மாதத்தில் தொடர் முடிகிறது.

விசாலம் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சிங்க்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"விடு விசாலம். வத்சலா போனா என்ன, இன்னொண்ணு வரும்."

"உங்களுக்கென்ன, சொல்லிடுவேள்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் உள்ளுக்குள் அழுகைதான். ஆனால் அழுகைக்கு நடுவில் ஒரு குதியாட்டமும் இருந்தது. தொடர் முடிகிற அன்று என் பாத்திர உத்தியோகமும் முடிகிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறதே!

அந்த வாரமே போட்டி ஒன்று வைத்தார்கள். உங்களுக்குப் பிடித்த பத்து எபிசோட், ஏன் பிடித்தது, தமிழில் எழுதி அனுப்புங்கள். ஜெயிக்கிறவருக்கும் கூட ஒருவருக்கும் சென்னையில் கடைசி எபிசோட் படப்பிடிப்பைப் பார்க்கும் வாய்ப்பு. பார்ப்பது மட்டுமில்லை. கடைசிக் காட்சியில் அந்த இருவரும் வாசலில் நின்று, வத்சலாவை "உள்ளே வா" என்று கூப்பிட வேண்டும்!

கழுவிக்கொண்டிருந்த டம்ளர் நழுவி விழுந்தது.

"ஏன்னா, நான் சொல்றேன், நீங்க எழுதித் தரேளா?" என்று விசாலம் ஹாலிலிருந்து கேட்டாள். "உங்களுக்குத்தான் பிடிக்காது. ஆனா ஆத்துல தமிழ் எழுதத் தெரிஞ்சவா வேற யாரு?"

"உனக்காக எழுதறேன்" என்றேன், பல்லைக் கடித்துக்கொள்வது போல நடித்து.

சோபாவில் சாய்ந்துகொண்டு அவள் ஆரம்பித்தாள். "முதல் இடம், நிச்சயதார்த்த எபிசோட்."

அதில் வத்சலாவே கிடையாது! நாக்கைக் கடித்துக்கொண்டு, "அதுல என்ன விசேஷம்?" என்றேன்.

"மூத்த மாட்டுப்பொண் மாம்பழக் கலர்ல புடவை கட்டிண்டு வந்தாளே. அரக்கு பார்டர். எழுதுங்கோ."

"ரெண்டாவது?"

"சமையல்கார மாமி அடை வார்த்த எபிசோட்."

"பேய் எங்கே?"

"பேய் எதுக்கு? அடை நன்னா முறுகலா வந்தது."

"மூணாவது?"

"மாமியார் வழுக்கி விழுந்தாளே, அது."

"நாலாவது?"

"அவ மறுபடியும் விழுந்தாளே, அது."

எனக்கு ரத்தம் கொதித்தது. அறுநூறு எபிசோடில் பொறுக்கி எடுக்க இதுதானா கிடைத்தது? இதை அனுப்பினால் ஜெயிப்பது இருக்கட்டும், வத்சலாவே கோபித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. எழுதுகிறவன் நான். படிக்கத் தெரிந்தவனும் நான். பிறகென்ன பயம்?

அவள் அடையைச் சொல்லச் சொல்ல நான் சிலிண்டரை எழுதினேன். அவள் புடவையைச் சொன்னாள், நான் கோலத்தை எழுதினேன். எண்பத்தெட்டாவது எபிசோடில், மழையில் நனைந்து நிற்கும் வத்சலாவைப் பேய் என்று தெரியாமல், சின்ன மருமகள் கதவிடுக்கு வழியாக ஒரு துண்டை நீட்டுவாள். ஆனால் உள்ளே கூப்பிட மாட்டாள். அதற்கு இப்படி எழுதினேன்: "இரக்கம் கைவரைக்கும் வந்துவிட்டது. வாய்வரைக்கும் வரவில்லை. நாம் எல்லோரும் இப்படித்தான் துண்டை மட்டும் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம்." எழுதிவிட்டு நானே மூக்கை உறிஞ்சினேன்.

"என்ன, ஜலதோஷமா?"

"ஆமாம்."

"சரி, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்கோ."

படித்தேன். கண்ணில் வத்சலா, வாயில் அடை. ஒரு தடுமாற்றம் இல்லை. விசாலம் திருப்தியாகத் தலையாட்டினாள்.

"நாளைக்கு ஒரு நாள் சுவாமி அலமாரியில வெச்சுட்டு அப்புறம் ஷ்ருதியை விட்டு அனுப்பச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் தாள் சுவாமி அலமாரியில் இருந்தது. அன்றுதான் ஹபீபா ரவிக்கை கொடுக்க வந்துபோனாள் என்பது ஏதோ பேச்சில் காதில் விழுந்தது. ஹபீபா தாராவியில் தையல் மெஷின் வைத்திருப்பவள். மேலப்பாளையத்துக்காரி. விசாலத்துக்கு வத்சலா விஷயத்தில் உயிர்த்தோழி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரவிக்கை தைப்பவள் ரவிக்கை கொண்டுவருவதில் என்ன சந்தேகம் வரும்?

ஷ்ருதி தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். "அரே அப்பா, ஹேண்ட்ரைட்டிங் ஏக்தம் மஸ்த்!" என்று மெச்சினாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. ஜாங்கிரியின் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்பார்கள்?

பத்தாம் நாள் ஜெயித்துவிட்டோம்! அதாவது, விசாலாக்ஷி ஜெயித்துவிட்டாள். சேனலிலிருந்து ஒரு பெண் வீடியோவில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். இவள் இப்போது மாம்பழக் கலர் புடவையைச் சொல்லப் போகிறாள், எல்லாம் அம்பலமாகப் போகிறது.

"மேடம், உங்க நம்பர் ஒன் எபிசோட் எது?"

"சிலிண்டர் எபிசோட்தான்" என்றாள் விசாலம், கண் இமைக்காமல். "ஆனா மனசைத் தொட்டதுன்னா அந்தத் துண்டு. இரக்கம் கைவரைக்கும் வந்துடுத்து. வாய்வரைக்கும் வரலையே!"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். புத்தியுள்ளவனாக இருந்தால் அந்த நிமிஷம் யோசித்திருப்பேன். நான் சுவாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டேன். தெய்வம்தான் அவள் வாயில் புகுந்து என் மானத்தைக் காப்பாற்றியது என்று நம்பினேன்.

அதற்குப் பிறகு நான் ரகசியமாகச் செய்தவை: ஆபீஸில் நான்கு நாள் லீவு வாங்கினேன். தலைக்கு மை அடித்துக்கொண்டேன். புதுச் சட்டை எடுத்தேன். தினமும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று "உள்ளே வா" என்று பயிற்சி செய்தேன். அதிகாரமாக ஒரு தடவை, பாசமாக ஒரு தடவை, தொண்டை கரகரக்க ஒரு தடவை. "அப்பா, பாத்ரூம்குள்ள யாரை பர்மிஷன் குடுத்துக் கூப்பிடறே?" என்று ஷ்ருதி வெளியிலிருந்து கத்தினாள்.

வெளியில் மட்டும் முறுக்காக இருந்தேன். கூட வரச் சொல்லி விசாலம் கெஞ்சுவாள், மூன்று தடவை மறுத்துவிட்டு நாலாவது தடவை அரைமனசாக ஒத்துக்கொள்ளலாம் என்று திட்டம்.

"தலையில என்ன, கன்னங்கரேல்னு?" என்றாள் ஒரு நாள்.

"ஆபீஸ்ல ஆடிட்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. கெஞ்சவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹபீபா வந்தாள். கையில் ஒரு பை. விசாலம் அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினேன்.

"ஏ மாமி, அந்தத் துண்டு எபிசோடுக்கு என்னமா எழுதியிருந்திய! டி.வி.ல வாசிச்சாவல்லா, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு" என்றாள் ஹபீபா. "உங்களுக்கு இவ்வளவு ரசனை இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

என் நெஞ்சு பொங்கியது. எழுதியவன் நான்! இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன்!

"ஏதோ, மனசுல பட்டதைச் சொன்னேன்" என்றாள் விசாலம் அடக்கமாக. "சரி, பெட்டி கட்டியாச்சா? செவ்வாய்க்கிழமை வண்டி."

பேப்பர் என் கையிலிருந்து சரிந்தது. "யாரு பெட்டி கட்டணும்?"

"ஹபீபாதான். கூட ஒருத்தர் வரலாம்னாளே. அவளை அழைச்சுண்டு போறேன்."

"என்னை ஏன் கேட்கலை?"

"உங்களையா?" விசாலத்தின் கண் அகன்றது. "ஒரு நிமிஷம்கூடப் பார்க்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினவரை எப்படி அழைச்சுண்டு போறது? பாவமில்லையா?"

"சாரு பெரிய வைராக்கியக்காரவல்லா" என்றாள் ஹபீபா.

"ரெண்டு பொம்மனாட்டிகள் தனியா எப்படிப் போவேள்?"

"பேயைப் பார்க்கப் போறோம். எங்களுக்கு வேற என்ன பயம்?"

"விசாலம், வத்சலாவை யாரு கூப்பிடறதுன்னு ஒரு முறை இருக்கு. அவளைப் பத்தித் தெரிஞ்சவாதான்..."

"எனக்கென்ன தெரியாதா? பத்து எபிசோட் எழுதி ஜெயிச்சவளாக்கும் நான்."

அவ்வளவுதான். அறுநூறு எபிசோடும் ஒரேயடியாகக் கிளம்பித் தொண்டைக்கு வந்துவிட்டன.

"நீயா எழுதினே? நீ சொன்னது அடை! சிலிண்டர் நான் எழுதினது. துண்டு நான் எழுதினது. நான் பார்த்தேன்டி, எல்லாத்தையும் பார்த்தேன்! ஒண்ணுகூட விடாம ரயில்ல உட்கார்ந்து பார்த்தேன். பாண்டுப் வரைக்கும் போய்ப் பார்த்தேன்! ரெண்டரை வருஷமா அந்தப் பொண் வாசல்ல நிக்கறா. அவளை உள்ளே கூப்பிடணும்னு இந்தாத்துல ஆசைப்பட்டவன் நான் ஒருத்தன்தான்!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் இல்லை.

விசாலம் நிதானமாக எழுந்து ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்து ஹபீபாவிடம் கொடுத்தாள். ஹபீபா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்தைக் கணீரென்று வாசித்தாள்.

"'பார்த்தேன் என்று என் வாயால் ஒப்புக்கொண்டால், ஆயுள் முழுவதும் ராத்திரிப் பாத்திரம் என் பொறுப்பு. இப்படிக்கு, பஞ்சாபகேசன்.'"

ஹபீபாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும்! சுவாமி அலமாரி, ரவிக்கை, பேட்டி எல்லாம் வரிசையாக வந்து என் மண்டையில் இறங்கின.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருஷமாத் தெரியும். கதை நன்னா இருக்கற அன்னிக்கு ஒரே தோசைக்கல்லை இருபது நிமிஷம் தேய்ப்பேள். சிலிண்டர் எபிசோட் அன்னிக்கு அதுல முகம் பார்த்துப் பொட்டு வெச்சுண்டேன். வாயால ஒத்துக்கணும்னு எழுதி வெச்சுட்டேளே, அதுக்குத்தான் காத்துண்டிருந்தேன். அடைன்னு சொன்னா உங்களுக்குப் பொறுக்காது, நீங்களா நல்லதா எழுதுவேள்னும் தெரியும்."

"சரி. தோத்துட்டேன். ஆயுசுக்கும் தேய்க்கறேன்." எனக்கு அது பெரிதாகவே படவில்லை. "என்னை அழைச்சுண்டு போ."

"ஐயோ, அதான் முடியாதே. டிக்கெட் நேத்தே ஹபீபா பேருக்கு வந்தாச்சு. பேரை மாத்த மாட்டாளாம்."

"நான் உங்களுக்கும் சேத்துக் கூப்பிடுதேன் சாரு" என்றாள் ஹபீபா இரக்கத்தோடு. அந்த இரக்கமும் துண்டு நீட்டுகிற ரகம்தான்.

"டிக்கெட்தான் போயிடுத்தே! அப்புறம் என் வாயை எதுக்குடி பிடுங்கினே?" என்று கத்தினேன்.

விசாலம் தாளை மறுபடியும் ஃப்ரிட்ஜில் வைத்துக் காந்தத்தை அழுத்தினாள்.

"தொடர் முடியப் போறதுன்னு ரெண்டு நாள் சாப்பிடாம உட்கார்ந்திருந்தேனே, எதுக்குன்னு நினைச்சேள்? வத்சலா போனா இன்னொரு பேய் வரும். ராத்திரிப் பாத்திரத்துக்கு நான் யாரைத் தேடுவேன்?"